கரும்பிருக்க இரும்பு கடித்தவர்கள்

கேள்வி இதுதான். கேட்டவரின் அண்ணன் 11 வருஷம் ஒரு தியான அமைப்பில் இருந்திருக்கிறார். வீட்டில் யார் சொல்லியும் கேட்காமல் சம்பளத்தில் பாதியை அங்கே கொட்டியிருக்கிறார். போன வருஷம் வெளியே வந்துவிட்டார். வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் அந்த அமைப்புக்கு அர்ச்சனைதான். இலையில் உட்கார்ந்தாலும் அதே பேச்சு. “பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? வெளியே இருந்த எங்களுக்கே இவ்வளவு வெறுப்பு இல்லையே? இவர் சொல்வதை நம்பலாமா, கோபத்தில் பேசுகிறார் என்று விட்டுவிடலாமா?”

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். அதற்கு அப்புறம் வருகிறேன். ‘வெளியே இருந்த எங்களுக்கே இவ்வளவு வெறுப்பு இல்லையே’ என்று கேட்டிருக்கிறீர்களே, விஷயம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

நம்மிடம் இதற்கு மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டுத் திருநாவுக்கரசர், அதாவது அப்பர். திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்தவர், சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்துப் பள்ளியில் பெரிய நிலைக்கு வந்தார். பாடலிபுத்திரம் என்றதும் பீகாருக்குப் போய்விட வேண்டாம், இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்தான் அது. அப்புறம் சூலை நோய் வந்து, அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்குப் போய், ‘கூற்றாயினவாறு விலக்ககலீர்’ என்று பாடிச் சைவத்துக்குத் திரும்பினார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. கதை முழுக்கச் சைவர்கள் பக்கத்தில் எழுதியது, அதுவும் பல நூறு வருஷம் கழித்து. ஆனால் பாட்டுகள் அவருடையவை. அவற்றில் சமணர்கள் வாங்கும் வசை கொஞ்சமில்லை. தலைமயிரைப் பறிப்பது, நின்றபடியே கையில் வாங்கிச் சாப்பிடுவது, எதையும் அவர் விடவில்லை.

சம்பந்தரும்தானே வைதார் என்பீர்கள். ஆமாம், தாராளமாகவே. இரண்டு பேரையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். சம்பந்தர் ஒருநாளும் உள்ளே இருந்தவர் இல்லை. அவருடைய பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டு இராவணனுக்கு, ஒன்பதாவது அடிமுடி தேடிய திருமாலுக்கும் பிரமனுக்கும், பத்தாவது சமணருக்கும் பௌத்தருக்கும். வரிசை வந்ததும் வசையும் வந்துவிடும். அப்பரிடம் அப்படி இல்லை. அவர் வையும்போது நடுவில் ‘நான்’ என்று ஓர் ஆள் நிற்கிறார்.

‘மெய்யெலாம் வெண்ணீறு சண்ணித்த மேனியான்’ என்று தொடங்கும் திருவாரூர்ப் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டும் பழமொழி மாதிரி ஒன்றில் போய் முடியும். கனியிருக்கக் காய்கவர்ந்த கள்வனேனே. முயல்விட்டுக் காக்கைப்பின் போனவாறே. விளக்கிருக்க மின்மினித்தீக் காய்ந்தவாறே. பாழூரில் பயிக்கம் புக்கெய்த்தவாறே, அதாவது ஆளில்லாத ஊரில் பிச்சைக்குப் போய் அலுத்த கதை. கரும்பிருக்க இரும்பு கடித்தெய்த்தவாறே. என்னை ஒவ்வொரு தடவையும் உலுக்கிவிடுவது இது: இருட்டறையில் மலடு கறந்தெய்த்தவாறே. இருட்டு அறை, மலட்டு மாடு. ஒருத்தர் குத்தவைத்து உட்கார்ந்து கறந்துகொண்டே இருக்கிறார். செம்பில் ஒரு சொட்டு விழவில்லை என்பது இருட்டில் தெரியவும் இல்லை. கை ஓய்ந்து எழுந்திருக்கும்போதுதான் தெரிகிறது.

இங்கே யாருக்குத் திட்டு விழுகிறது? மாட்டுக்கு இல்லை.

முதல் பாட்டில் ‘உறிதூக்கி உழிதந்து’ என்று ஒரு தொடர் வரும். சமணத் துறவிகள் கையில் உறியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வெளியில் நின்று பார்த்தவனுக்கு அது ஒரு வேடிக்கை. அப்பருக்கு அது கை கண்ட கனம். தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்கிறார். உங்கள் அண்ணன் அமைப்பைத் திட்டும்போது எதைத் திட்டுகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். ‘அவர்கள் மோசம்’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘காலையில் மூன்றரை மணிக்கு எழுந்து போனேனே’, ‘அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அன்றைக்குக்கூட அங்கே இருந்தேனே’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். வசையில் பாதி அவர்களுக்கு, மீதிப் பாதி அங்கே இருந்த தனக்கு. தன்னைத் தானே அடித்துக்கொள்வது பார்க்க நன்றாக இருக்காது என்பதால் எல்லாம் அவர்கள் முதுகிலேயே விழுகிறது. வெளியே இருந்த உங்களுக்கு வெறுக்க என்ன இருக்கிறது? நீங்கள் மாடு கறக்கவில்லையே.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1959-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரிப் பெண்களை ஒரு விவாதக் குழுவில் சேர அழைத்தார்கள். சிலரை, சேருவதற்கு முன்னால் ஆபாசமான சொற்களையும் பகுதிகளையும் ஓர் ஆள் முன்னால் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னார்கள். கூசிப்போய்ப் படித்தார்கள். சிலருக்கு லேசான சோதனை, சிலருக்கு எதுவுமே இல்லை. அப்புறம் எல்லோருக்கும் அந்தக் குழுவின் பேச்சு என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். வேண்டுமென்றே அறுவையாகத் தயாரித்த பேச்சு. அது பிரமாதம் என்று சொன்னவர்கள் யார் தெரியுமா? அதிகமாகக் கூசிப்போனவர்கள். இவ்வளவு பட்டு உள்ளே வந்திருக்கிறேன், இது மட்டமாக இருக்க முடியாது என்று மனசு தானாகவே விலையை ஏற்றிவிடுகிறது.

உங்கள் அண்ணன் கொடுத்த பாதிச் சம்பளத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அமைப்பு நல்லது என்று நம்பியதால் கொடுத்தார், சரி. கொடுத்ததாலும் நம்பினார். வீட்டில் நீங்கள் போட்ட ஒவ்வொரு சண்டையும் அந்த நம்பிக்கைக்குப் போட்ட உரம். (கோபித்துக்கொள்ள வேண்டாம், என் வீட்டிலும் அதே உரத்தைத்தான் போட்டார்கள்.) ஒருநாள் நம்பிக்கை உடையும்போது 11 வருஷத்துக் கணக்கும் ஒரே ராத்திரியில் விலை இறங்குகிறது. பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். 28 வயதிலிருந்து 39 வயது வரை எந்தக் கடையில் வாங்குவது?

நானும் ஒரு கட்சியில் 9 வருஷம் இருந்துவிட்டு வந்தவன்தான். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். வெளியே வந்த வாரம் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த கொடி ஸ்டிக்கரைக் கிழித்தேன். பாதிதான் வந்தது. மீதியை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன், நகத்தால் சுரண்டினேன். கடைசியில் வண்டியின் சொந்தப் பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வந்தது. அந்த வண்டியை விற்கும்வரை அங்கே ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. தெரிந்தவர்கள் பார்த்ததும் “இங்கே என்ன ஒட்டியிருந்தீர்கள்?” என்றுதான் கேட்பார்கள். ஹெலன் ரோஸ் ஈபா என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதையே வேறு மாதிரி எழுதியிருக்கிறார். அவரே கன்னியாஸ்திரியாக இருந்து வெளியே வந்தவர். முன்னாள் துறவிகள், விவாகரத்தானவர்கள், வேலையை விட்ட மருத்துவர்கள் என்று 185 பேரிடம் பேசி, ‘முன்னாள்’ என்பதே ஒரு தனி வேஷம், அது லேசில் கலையாது என்று 1988-ல் ஒரு புத்தகம் போட்டார்.

இன்னொன்று. திட்டுவதற்கான மொழியே அங்கே கற்றதுதான். எங்கள் கட்சியில் ஒருவர் விலகினால் அவருக்கென்று சொற்கள் தயாராக இருக்கும்: துரோகி, ஓடுகாலி, சந்தர்ப்பவாதி, விலைபோனவன். மைதாப் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி போஸ்டர் ஒட்டப் போகும்போது, முந்தின மாதம்வரை எங்களோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆளை இந்தச் சொற்களால்தான் நான் வறுத்தெடுப்பேன். நான் வெளியே வந்ததும் வேறு சொற்களுக்கு எங்கே போவது? அதே நாலு சொல்லை எடுத்துக் கட்சியைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தேன். முன்னாள் கம்யூனிஸ்டுகளைப் பற்றி 1950-ல் ஐசக் டாய்ட்சர் இதையே சொன்னார். அவர்கள் உலகத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பதை விடவில்லை, எது கறுப்பு எது வெள்ளை என்பதை மட்டும் மாற்றிக்கொண்டார்கள் என்று. டாய்ட்சரும் போலந்துக் கட்சியிலிருந்து விலக்கப்பட்டவர். ஆள் தெரிந்துதான் பேசினார்.

அப்படியானால் விலகுகிறவர்கள் எல்லோருமே திட்டத்தான் வேண்டுமா? இல்லை. தமிழ்நாட்டு அரசியலிலேயே இதற்கு நல்ல உதாரணங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன.

பெரியாரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்ற காங்கிரஸ்காரர், தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்தவர், 1924-ல் வைக்கத்துக்குப் போய்ச் சிறைப்பட்டவர். சேரன்மாதேவி குருகுலத்தில், காங்கிரஸ் நிதியும் வாங்கிய இடத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று பிரச்சினை வெடித்தது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் அவர் கொண்டுவந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை, அதாவது சாதிவாரியாக இடங்களைப் பங்கிட வேண்டும் என்ற தீர்மானத்தை, தலைமை வகித்த திரு.வி.க. அனுமதிக்கவில்லை. வெளியேறினார். அதற்குப் பிறகு காங்கிரஸை ஒழிப்பதைத் தன் வேலையாகவே வைத்துக்கொண்டார். இந்தக் கோபத்துக்கு மனோதத்துவம் ஒன்றும் தேவையில்லை. சொன்ன வாக்கு ஒன்று, போட்ட பந்தி ஒன்று. ஊரறிந்த காரணம்.

24 வருஷம் கழித்து அதே பெரியாரைவிட்டு அண்ணா விலகினார். 1949 செப்டம்பர் 17-ல் தி.மு.க. தொடங்கியது. இங்கே விஷயம் தலைகீழ். போனவர்கள் திட்டவில்லை. தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக விட்டுவிட்டு அண்ணா பொதுச்செயலாளராக இருந்தார். திட்டியது இருந்தவர். விலகுகிறவர்கள் தங்கள் வருத்தத்தைக் கண்ணீர்த் துளி என்று எழுதப்போக, ‘கண்ணீர்த் துளிகள்’ என்பதையே பெரியார் அவர்களுக்குப் பட்டப் பெயராக்கிவிட்டார். 1967 தேர்தலில் அவர் காங்கிரஸுக்குத்தான் பிரசாரம் செய்தார். அந்தத் தேர்தலில் ஜெயித்த அண்ணா நேராகத் திருச்சிக்குப் போய் அவரைப் பார்த்தார்.

இத்தனைக்கும் நடுவில் அண்ணாவால் எப்படி வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடிந்தது? பெருந்தன்மை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. அவர் வீட்டைத்தான் விட்டார், சாமான்களை விடவில்லை. சுயமரியாதை, பகுத்தறிவு, திராவிட நாடு எல்லாம் கூடவே வந்தன. அங்கே கழிந்த வருஷங்கள் வீண் என்று ஒருவரும் நினைக்கத் தேவை இருக்கவில்லை. பெரியாரைத் திட்டினால் தங்கள் இளமையைத் தாங்களே திட்டிக்கொள்வதாகியிருக்கும். போதாததற்கு, தொண்டர்களெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது.

கண்ணதாசன் நிலைமை வேறு. 1953 கல்லக்குடிப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1961-ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு தி.மு.க.வை விட்டு வெளியே வந்தார், கொள்கையையும் சேர்த்து விட்டுவிட்டு வந்தார். அந்த வருஷங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: வனவாசம். நாட்டை இழந்து காட்டில் கழித்த காலம். அதில் தன்னையே ‘அவன்’ என்றுதான் எழுதுகிறார். கூட இருந்தவர்களுக்குக் கிடைக்கும் அடியைவிட அந்த ‘அவன்’ வாங்கும் அடி குறைச்சல் இல்லை. அப்பர் பதிகத்திலிருந்து இது ரொம்பத் தூரமில்லை.

ஆக, நான் பார்த்தவரை, அமைப்பை மட்டும் விட்டவருக்கு வருத்தம் இருக்கும், நம்பிக்கையும் சேர்ந்து போனவருக்குத்தான் வாயில் நெருப்பு வருகிறது. உங்கள் அண்ணன் தியானத்தை வீட்டில் இன்னும் செய்கிறாரா என்று எழுதவில்லை. செய்கிறார் என்றால் கோபம் சீக்கிரம் ஆறும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கேட்கிறவர்கள் கூட்டமும் சும்மா இருப்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் ‘சாட்சி சொல்வது’ என்று உண்டு. புதிதாக வந்தவர் எழுந்து தன் பழைய வாழ்க்கையைச் சொல்வார். குடித்தேன், பெண்டாட்டியை அடித்தேன் என்று பழசு எவ்வளவு இருட்டோ அவ்வளவுக்கு ‘அல்லேலூயா’ பலமாக விழும். ‘முன்னாலும் சுமாராக நன்றாகத்தான் இருந்தேன்’ என்ற சாட்சியை யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். கட்சி மாறியவருக்கும் அதேதான். புதிய கட்சியில் முதல் கூட்டத்திலேயே பழைய தலைவரைக் கிழிக்க வேண்டும், இல்லாவிட்டால் இவன் வேவு பார்க்க வந்தவனோ என்று சந்தேகப்படுவார்கள். நாளடைவில் சொல்லிச் சொல்லிக் கதைக்கு மெருகு ஏறிவிடும். உண்மையில் நடந்ததற்கும் மேடையில் கைதட்டு வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம் சொல்கிறவருக்கே மறந்துவிடும்.

சத்தம் போடாதவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்டூவர்ட் ரைட் என்ற ஆய்வாளர் 1980-களில், அமெரிக்காவில் இதுபோன்ற புதிய மதக் குழுக்களைத் தாங்களாகவே விட்டு வந்த 45 பேரிடம் பேசினார். பெரும்பாலோர் சொன்னது, பட்டுத் தெளிந்தோம் என்பதுதான். கோபத்தில் கொதித்தவர்கள் சிலரே. நாம் சந்திப்பது எப்போதும் அந்தச் சிலரைத்தான். மற்றவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், நாமும் கேட்க மாட்டோம்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. நம்பலாமா?

இதுவரை நான் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு ‘அப்படியா, எல்லாம் மனசு பண்ணும் வேலைதான்’ என்று அண்ணன் பேச்சை ஒதுக்கிவிடாதீர்கள். அப்படி ஒதுக்கியதற்கு உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. ஜிம் ஜோன்ஸின் பீப்பிள்ஸ் டெம்பிள் என்ற சபை கயானாக் காட்டுக்குள் ஜோன்ஸ்டவுன் என்று குடியிருப்பு போட்டிருந்தது. அங்கிருந்து 1978 மே மாதம் தப்பி வந்த டெபோரா லேட்டன் என்ற இளம்பெண் ஜூனில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கூட்டமாகச் சாவதற்கு அங்கே ஒத்திகை நடக்கிறது, விஷம் என்று சொல்லி ஒன்றைக் குடிக்க வைத்துச் சோதிக்கிறார்கள் என்று அதில் இருந்தது. சபை இவரையும் இவர் மாதிரி வெளியே வந்தவர்களையும் துரோகிகள், பொய்யர்கள் என்றது. வேகமாக யாரும் எதுவும் செய்யவில்லை. நவம்பரில் லியோ ரயன் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் நேரில் பார்க்கப் போனார். 18-ஆம் தேதி விமானத் தளத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்றைக்குள் 900 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், குழந்தைகள் உட்பட. லேட்டனின் பத்திரத்தில் கோபம் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தும் எழுதியது உண்மை.

கோபம் இருக்கிறதா என்று பார்த்து உண்மையை எடை போட முடியாது. நான் வேறு இரண்டு விஷயத்தைப் பார்ப்பேன். ஒன்று, பேச்சில் தேதி, இடம், தொகை, யார் சொன்னார் என்பதெல்லாம் இருக்கிறதா. ‘அவர்கள் கொள்ளைக்காரர்கள்’ என்பது வசை. ‘இந்த மாதம், இந்த முகாமுக்கு, இவ்வளவு கட்டச் சொன்னார்கள், ரசீது கேட்டதற்கு இப்படிச் சொன்னார்கள்’ என்பது சாட்சியம், விசாரித்துப் பார்க்கலாம். இரண்டு, அதற்குள் ‘நானும்’ என்று ஒரு சொல் வருகிறதா. அங்கே நடந்த தப்புகளில் தன் கை பட்ட இடத்தையும் காட்டுகிறவரை நான் பெரும்பாலும் நம்பிவிடுவேன். தான் மட்டும் 11 வருஷமும் அப்பாவியாக மூலையில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பேன். நாலு பேரையாவது இவரே உள்ளே சேர்த்துவிட்டிருப்பார். அவர்கள் இன்னும் உள்ளே இருப்பார்கள். சில ராத்திரிகளில் தூக்கம் வராமல் போவது அதனால்கூட இருக்கும்.

‘விடுங்கள் அண்ணே, பழைய கதை எதற்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். என்னிடம் அப்படிச் சொன்னவர்களிடம்தான் நான் இரண்டு மடங்கு பேசினேன். எதிர்வாதமும் வேண்டாம். சும்மா விவரம் கேளுங்கள். அங்கே காலையில் யார் சமைப்பார்கள், உன் பக்கத்துப் பாயில் யார் படுப்பார்கள், முதன்முதலில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனது யார்.

என் மனைவி ஒருநாள் அப்படித்தான் கேட்டாள். கட்சியைப் பற்றி நான் ஆரம்பித்ததும், “அது இருக்கட்டும், அந்தப் பசையை எப்படித்தான் காய்ச்சுவீர்கள், கட்டி தட்டாதா?” என்றாள். சொன்னேன். பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்துக்கொண்டுதான் அடுப்பில் வைக்க வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கொழுக்கட்டை. அதைக் கற்றுக்கொடுத்த தோழர் கிளறுகிற குச்சியைக் கையில் கொடுத்துவிட்டு, பத்திரிகையில் தலையங்கத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். நான் விலகிய பிறகு டீக்கடையில் என்னைப் பார்த்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். என் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்தும் வரவில்லை. அவரைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பேன். ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை என்று மனைவிதான் அப்புறம் சொன்னாள். எனக்கு அது தெரியவே இல்லை.